டிஸ்ப்ளே சர்வர் கோட்பேஸில் "எந்த இயங்குதளத்தில் ஓடும்" ஆவணம் பழசாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

சாளரன் (கேள்வி)

வணக்கம். எக்ஸ்.ஆர்க் சர்வரிலிருந்து (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் திரை, விசைப்பலகை, மவுஸைக் கையாளும் டிஸ்ப்ளே சர்வர்) கிளைபிரித்துத் தனியாகப் பராமரிக்கும் ரெப்போ ஒன்று. "இது எந்தெந்த இயங்குதளத்தில் ஓடும்?" என்று கேட்டால் ரெப்போ ஒரே பதிலைச் சொல்வதில்லை.

முதன்மை ரீட்மீயில் "லினக்ஸ், பிஎஸ்டிகள், சோலாரிஸ்" என்று ஒற்றை வரி. எக்ஸார்க் (சர்வரின் முதன்மை பைனரி) கையேட்டுப் பக்கத்தின் பிளாட்ஃபார்ம்ஸ் பகுதியில் யூனிக்ஸ்வேரும் காம்பாக் ஆல்ஃபாவும் இன்னும் குடியிருக்கின்றன. இயங்குதளத்துக்கே உரிய கோட் இருக்கும் ஓஎஸ்-சப்போர்ட் டைரக்டரிக்குள் உள்ள ரீட்மீ.ஓஎஸ்-லிப் கோப்பு எக்ஸ்ஃப்ரீ86 (எக்ஸ்.ஆர்க்கின் முன்னோடி) காலத்துச் சரக்கு. டாக் டைரக்டரியில் உள்ள டாக்புக் ஆவணங்கள் வேறொன்றைச் சொல்கின்றன. விக்கியைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

கோட் பக்கம் போனால், ஓஎஸ்-சப்போர்ட்டுக்குள் இப்போது மிஞ்சியிருக்கும் இயங்குதள டைரக்டரிகள் லினக்ஸ், பிஎஸ்டி, சோலாரிஸ், ஹர்ட் (க்னுவின் சொந்த கெர்னல்) மட்டுமே. கூடவே ஸ்டப், பஸ், மிஸ்க், ஷேர்ட். எஸ்சிஓ டைரக்டரி எப்போதோ நீக்கப்பட்டுவிட்டது. ஆவணத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

தெரிய வேண்டியவை:

1. "ஆதரவு உண்டு" என்று எழுத எதை அளவுகோலாக வைப்பது?
2. இப்போதைய உண்மை நிலையை கோட்டிலிருந்தே எடுக்க முறையான வழி உண்டா?
3. ஒருமுறை சரிசெய்த பிறகு மறுபடி பழசாகாமல் இருக்க என்ன ஏற்பாடு? பராமரிப்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான். பெரிய நடைமுறை எதுவும் தாங்காது.

---

வேர்முடிச்சு

இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்தால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்த மாதிரி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இயங்குதளத்தைப் பற்றிய தகவல் கோட்டில் நான்கு இடங்களில் ஒளிந்திருக்கும். டைரக்டரிப் பெயர்களை மட்டும் எண்ணினால் பாதி தப்பிவிடும்.

முதல் இடம் டைரக்டரிகள். ஆனால் மேக்ஓஎஸ், விண்டோஸ் இரண்டும் ஓஎஸ்-சப்போர்ட் பக்கமே வருவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். மேக்குக்கு எக்ஸ்குவார்ட்ஸ், விண்டோஸுக்கு எக்ஸ்வின். இரண்டும் ஹெச்டபிள்யூ டைரக்டரிக்குள் தனித்தனி டிடிஎக்ஸ் (வன்பொருளையோ இயங்குதளத்தையோ சார்ந்த சர்வர் பகுதி). எக்ஸ்விஎஃப்பி, எக்ஸ்நெஸ்ட், ஸெஃபிர் (நினைவகத்திலோ இன்னொரு எக்ஸ் சாளரத்துக்குள்ளோ ஓடும் சர்வர்கள்) மூன்றுக்கும் கன்சோல் அடுக்கே வேண்டாம். ஓஎஸ்-சப்போர்ட் என்பது எக்ஸார்க் பைனரியின் சொத்து, அவ்வளவுதான்.

இரண்டாவது மெசான் (பில்ட் அமைப்பு) கோப்புகள். ஹோஸ்ட்_மெஷின்.சிஸ்டம் என்று ரெப்போ முழுக்க கிட் கிரெப் செய்து, எந்தெந்தப் பெயரோடு ஒப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். மெசான் தரும் பெயர்கள் நிலையானவை: லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, டிராகன்ஃப்ளை, சன்ஓஎஸ், க்னு (இதுதான் ஹர்ட்), டார்வின், சிக்வின், விண்டோஸ். எங்காவது "பெயர் பிஎஸ்டி என்று முடிகிறதா" என்ற சோதனை தென்பட்டால் நிறுத்தி யோசியுங்கள். டிராகன்ஃப்ளை அதில் சிக்காது. "பிஎஸ்டிகள் அனைத்தும்" என்று ரீட்மீ சொல்லும், பில்டோ அதைத் தெரியாத இயங்குதளமாகவே நடத்தும்.

மூன்றாவது ப்ரீபிராசசர் மேக்ரோக்கள். இங்கேதான் பொறிகள் அதிகம்:

— __க்னு__ என்றால் ஹர்ட். __க்னுசி__ என்றால் ஜிசிசி கம்பைலர். முன்னொட்டை மட்டும் கொடுத்துத் தேடினால் ஜிசிசி வரிகள் எல்லாம் ஹர்ட் கணக்கில் ஏறிவிடும். முழுச் சொல்லுக்கு மட்டும் பொருந்தும் டபிள்யூ கொடியோடு தேடுங்கள்.

— அடிக்கோடு இல்லாத பழைய பெயர்கள்: லினக்ஸ், சன், யூனிக்ஸ். ஜிசிசியை சி99 கண்டிப்பு முறையில் ஓட்டினால் இவை வரையறுக்கப்படவே மாட்டா. க்னு99 முறையில் வரும். ஆக, "இஃப்டெஃப் சன்" என்று இருக்கும் பகுதி கம்பைல் ஆகிறதா இல்லையா என்பது பில்ட் அமைப்பில் ஸ்டாண்டர்டு எது என்பதைப் பொறுத்தது. சோலாரிஸ் ஆதரவு இருப்பது போலத் தெரியும், உள்ளே அந்த வரிகள் செத்துக் கிடக்கும்.

— எஸ்விஆர்4 என்ற பெயரை ஜிசிசி தானாகத் தருவதில்லை. அது தருவது அடிக்கோடு உள்ள வடிவங்களை. வெறும் எஸ்விஆர்4 வேண்டுமென்றால் பில்ட் அமைப்புதான் வரையறுக்க வேண்டும். மெசானுக்கு மாறியபோது அந்த வரி விட்டுப்போயிருந்தால் யாருக்கும் தெரியாது.

— விண்டோஸ் என்பது ஒன்றல்ல. சிக்வினில் வின்32 மேக்ரோ இயல்பாக இருக்காது. மிங்டபிள்யூவில் இருக்கும். ஆவணத்தில் இரண்டு வரி வேண்டும்.

சந்தேகம் வந்தால் அந்தந்த இயங்குதளத்தில் ஒரு காலிக் கோப்பைக் கம்பைலரின் டிஎம் கொடியோடு ப்ரீபிராசஸ் செய்து, வரும் பட்டியலைச் சேமித்துக்கொள்ளுங்கள். மனப்பாடத்தை நம்புவதைவிட இது மேல்.

நான்காவது, ஹேவ் என்று தொடங்கும் வசதி மேக்ரோக்கள். இவற்றில் இயங்குதளப் பெயரே இருக்காது. ஆனால் உள்ளடக்கம் முழுக்க இயங்குதளம்தான். ஓஎஸ் டைரக்டரியில் ஓஎஸ்போல் கோப்பைப் பாருங்கள்: ஈபோல் இருந்தால் லினக்ஸ் வழி, போர்ட்-கிரியேட் இருந்தால் சோலாரிஸ் வழி, இரண்டும் இல்லாவிட்டால் சாதாரண போல். உள்ளூர் கிளையன்ட் யாரென்று அறியும் இடத்திலும் இதே கதை: எஸ்ஓ-பியர்கிரெட், கெட்பியர்ஈஐடி, கெட்பியர்யூகிரெட் என்று மூன்று கிளை. இவற்றை ஆவணத்தில் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை. ஆனால் "சோலாரிஸை எடுத்துவிடலாமா" என்ற பேச்சு வரும்போது எங்கெல்லாம் கைவைக்க வேண்டும் என்பதற்கு இந்தப் பட்டியல் வேண்டும்.

நீக்கப்பட்டவற்றைக் கண்டுபிடிக்க: கிட் லாக்கில் டிஃப்-ஃபில்டரை "டி" என வைத்து, பெயர் மட்டும் காட்டச் சொல்லி, ஓஎஸ்-சப்போர்ட் பாதையைக் கொடுங்கள். எந்த கமிட்டில் எந்த டைரக்டரி போனது என்று வந்துவிடும். அந்த இயங்குதளத்தின் பெயரை டாக், மேன் டைரக்டரிகளில் தேடுங்கள். கிடைப்பதெல்லாம் செத்த வரி.

---

பிஎஸ்டி_பித்தன்

முதல் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லா ரீட்மீயும் பொய் சொல்கிறது. "ஆதரவு உண்டு" என்ற இரண்டு சொல்லுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு செய்திகள் இருக்கின்றன: கம்பைல் ஆகிறது, எக்ஸ்விஎஃப்பி ஓடுகிறது, நிஜ வன்பொருளில் எக்ஸார்க் திரையைக் காட்டுகிறது, விசைப்பலகை, மவுஸ் செருகினால் வேலை செய்கிறது. ஒன்று இருந்தால் அடுத்தது இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

"பிஎஸ்டிகள்" என்று மூன்றையும் ஒரே வரியில் கட்டுவதை முதலில் விடுங்கள். அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பாருங்கள்.

ஃப்ரீபிஎஸ்டியில் கன்சோல் சிஸ்கான்ஸிலிருந்து விடி டிரைவருக்கு மாறிவிட்டது. கிராபிக்ஸ் டிரைவர் அடிப்படை அமைப்பில் இல்லை, டிஆர்எம்-கேமாட் என்று போர்ட்ஸிலிருந்து (ஃப்ரீபிஎஸ்டியின் கூடுதல் மென்பொருள் தொகுப்பு) தனியே போட வேண்டும். அது கெர்னல் பதிப்போடு இறுக்கமாகப் பிணைந்தது. அதனால் "ஃப்ரீபிஎஸ்டி 14" என்று மட்டும் எழுதினால் போதாது, எந்த டிஆர்எம்-கேமாட் கிளை என்பதும் வேண்டும். ஹாட்பிளக் (செருகிய சாதனத்தை உடனே கண்டறிவது) முன்பு போர்ட்ஸ் பேட்ச் வழியாக டெவ்டி பின்புலத்தில் நடந்தது. பிறகு லிப்யூடெவ்-டெவ்டி என்ற இடைநூலகத்தால் யூடெவ் பின்புலத்துக்குப் போனது. கேஎம்எஸ் (திரை முறையைக் கெர்னலே அமைப்பது) இல்லாத இடத்துக்கு எஸ்சிஎஃப்பி டிரைவர்.

ஓபன்பிஎஸ்டியில் எல்லாம் டபிள்யூஎஸ்கான்ஸ் என்ற கன்சோல் அமைப்பு. சர்வர் அதன் சொந்த ஸெனோகாரா மரத்திலிருந்து பில்ட் ஆகிறது. கேஎம்எஸ் டிரைவர் உள்ள கார்டுகளுக்குக் கூடுதலாக எதுவும் வேண்டாம். வீசா போன்ற பழைய டிரைவர் என்றால் மெஷ்டெப்.அலவ்அபெர்ச்சர் மதிப்பை சிஸ்கன்ட்ரோல் கோப்பில் 1 அல்லது 2 ஆக எழுதி ரீபூட் செய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஏற்ற முயன்றால் செக்யூர்லெவல் தடுத்துவிடும். "சர்வர் எழவில்லை" என்று வரும் புகார்களைத் தடுக்க இந்த ஒரு வரி போதும். பெரும்பாலான ஆவணங்களில் அது இல்லை.

நெட்பிஎஸ்டியும் டபிள்யூஎஸ்கான்ஸ்தான், ஆனால் மூலம் இரண்டு: அடிப்படை அமைப்போடு வரும் எக்ஸ்எஸ்ஆர்சி ஒன்று, பிகேஜிஎஸ்ஆர்சியின் மாடுலர்-எக்ஸார்க்-சர்வர் மற்றொன்று. எதில் சோதித்தீர்கள் என்று எழுதாவிட்டால் பயனில்லை.

இப்போது பிஎஸ்டி-இனிட் கோப்பைத் திறந்து பாருங்கள். பிசிகான்ஸ், சிஸ்கான்ஸ், பிசிவிடி, டபிள்யூஎஸ்கான்ஸ் என்று நான்கு சப்போர்ட் மேக்ரோக்கள். கோட்டில் இருக்கிறது என்பதற்காக நான்கையும் ஆவணத்தில் ஏற்றுவதுதான் வழக்கமான தவறு. எந்த மேக்ரோ எந்த இயங்குதளத்தில் இப்போதும் வரையறுக்கப்படுகிறது என்பதை மெசான் கோப்போடு ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் எழுதுவதில்லை: கீழ்நிலை பேட்ச்கள். போர்ட்ஸ் மரத்தில் எக்ஸார்க்-சர்வருக்கான ஃபைல்ஸ் டைரக்டரியிலோ, ஸெனோகாராவிலோ, எக்ஸ்எஸ்ஆர்சியிலோ பத்துப் பேட்ச் ஒட்டிய பிறகுதான் அங்கே ஓடுகிறது என்றால், உங்கள் மரம் அந்த இயங்குதளத்தை ஆதரிக்கவில்லை, அவர்கள் ஆதரிக்கிறார்கள். ஆவணத்தில் "பேட்ச் இல்லாமல்" அல்லது "போர்ட்ஸ் பேட்ச்களோடு" என்று ஒரு கட்டம் கட்டாயம். உள்ளே எடுத்துக்கொள்ளத் தக்க பேட்ச்கள் எவை என்பதற்கும் அதுவே பட்டியலாகிவிடும்.

பதிப்பு எண்களும் தானாக முதுமையடையும். ஓபன்பிஎஸ்டி சுமார் 6 மாதத்துக்கு ஒன்று வெளியிட்டு, கடைசி 2 வெளியீடுகளை மட்டுமே கவனிக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் ஒரு சிறு வெளியீடு அடுத்தது வந்த 3 மாதத்தில் காலாவதி. நெட்பிஎஸ்டி 10.0 வந்தது 2024 மார்ச்சில்; அதையடுத்து 8 கிளையின் கணக்கு முடிந்தது. எனவே "ஓபன்பிஎஸ்டி 7.4 முதல்" என்று கீழ்வரம்பு எழுதாதீர்கள். "அவர்களே பராமரிக்கும் வெளியீடுகள்" என்று கொள்கையை எழுதி, "கடைசியாகச் சோதித்தது" என்ற கட்டத்தில் மட்டும் எண்ணைப் போடுங்கள்.

---

கழித்தல்குறி

பித்தன் சொன்னதில் ஒரு திருத்தம்: இத்தனை கட்டங்களைப் போட்டால் மூன்று பேர் பராமரிக்க மாட்டார்கள். அடுத்த வெளியீட்டிலேயே பாதிக் கட்டம் பழசாகிவிடும். பழசான நுணுக்கமான அட்டவணை, பழசான ஒற்றை வரியைவிட ஆபத்து. நுணுக்கமாக இருப்பதாலேயே படிப்பவர் நம்பிவிடுவார்.

படிநிலை மூன்று போதும். முதல் நிலை: ஒவ்வொரு மெர்ஜுக்கும் சிஐயில் (தானியங்கி பில்ட், சோதனை அமைப்பு) பில்ட் ஆகிறது, சோதனை ஓடுகிறது, உடைந்தால் மெர்ஜ் நிற்கும். இரண்டாம் நிலை: வெளியீட்டுக்கு முன் ஒருவர் கையால் ஓட்டிப் பார்க்கிறார். மூன்றாம் நிலை: கோட் இருக்கிறது, பேட்ச் வந்தால் ஏற்போம், வேறெதுவும் சொல்வதற்கில்லை. ஹர்ட் இன்று எங்கே விழும் என்று உங்களுக்கே தெரியும்.

முக்கியமானது கீழிறக்கும் விதி. இரண்டாம் நிலையில் உள்ள ஒன்றை அடுத்தடுத்த இரண்டு வெளியீடுகளில் யாரும் சோதிக்கவில்லை என்றால், விவாதம் இல்லாமல் மூன்றாம் நிலைக்கு இறங்கும். மூன்றாம் நிலையில் இருப்பது பில்ட் உடைந்து ஒரு வெளியீட்டுக் காலம் யாரும் கவனிக்கவில்லை என்றால், நீக்கும் பட்டியலுக்குப் போகும். விதி முன்கூட்டியே எழுதியிருந்தால் மனஸ்தாபம் இல்லை.

நிலையை இயங்குதளத்துக்கு மட்டும் கொடுக்காமல் சர்வர் பைனரியோடு சேர்த்துக் கொடுங்கள். நெட்பிஎஸ்டியில் எக்ஸ்விஎஃப்பி முதல் நிலையிலும் எக்ஸார்க் இரண்டாம் நிலையிலும் இருக்கலாம். அதில் முரண் எதுவும் இல்லை.

---

சாளரன்

நன்றி. நிலைகள் தெளிவு. சிஐ பற்றி ஒரு சந்தேகம்: சிஐ பச்சையாக இருந்தால் முதல் நிலை என்று எழுதிவிடலாமா? பிஎஸ்டிகளை லினக்ஸ் ரன்னரில் க்யூஇஎம்யூ மெய்நிகர் இயந்திரமாக ஏற்றி பில்ட் செய்வதாகத் திட்டம். எக்ஸார்க்கை டம்மி வீடியோ டிரைவரோடு ஓட்டிப் பார்க்கலாம் என்றும் யோசனை.

---

நள்ளிரவுக்_கமிட்

எழுதலாம், ஆனால் எதற்கு முதல் நிலை என்பதில் கவனம்.

டம்மி டிரைவரில் ஒரு நுணுக்கம். அது சர்வரிடம் "எனக்குக் கன்சோல் வேண்டாம்" என்று அறிவிக்கும் டிரைவர் (ஹெச்டபிள்யூ-ஸ்கிப்-கன்சோல் என்ற கொடி). அதனால் சர்வர் எக்ஸ்எஃப்86ஓபன்கன்சோல் பக்கமே போகாது. மாட்யூல் ஏற்றம், கான்ஃபிக் பாகுபடுத்தல், எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் சோதனையாகும். ஆனால் ஓஎஸ்-சப்போர்ட்டின் இதயம், அதாவது விடி (மெய்நிகர் கன்சோல்) திறப்பது, விடி மாறுவது, கன்சோலைத் திருப்பிக் கொடுப்பது, தொடப்படவே இல்லை. டம்மி சிஐயில் ஆண்டு முழுக்கப் பச்சை, நிஜக் கணினியில் கருந்திரை என்று ஆவதற்குக் காரணம் இதுதான். பதிவில் "எக்ஸார்க் (டம்மி)" என்று தனியாக எழுதுங்கள்.

அடுத்த பொறி மெசானின் "ஆட்டோ" விருப்பங்கள். யூடெவ், சிஸ்டம்டி-லாகின்டி, இன்ட்10 எல்லாம் ஆட்டோவில் இருந்தால், மெய்நிகர் இயந்திரத்தில் ஒரு தலைப்புக் கோப்பு இல்லாமல் போனாலும் பில்ட் சத்தமில்லாமல் வெற்றியாகும். ஹாட்பிளக் பின்புலமே இல்லாத சர்வர் உருவாகும். அதை ஓட்டினால் திரை வரும், மவுஸ் அசையாது. ஆட்டோஆட்டிவைசஸை அணைத்து, எக்ஸார்க்.கான்ஃபில் இன்புட்டிவைஸ் பகுதியைக் கையால் எழுதினால்தான் உயிர் வரும். எனவே சிஐயில் எதையும் ஆட்டோவில் விடாதீர்கள். ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் எது ட்ரூ, எது ஃபால்ஸ் என்று வெளிப்படையாகக் கொடுங்கள். அந்த வரியே பயனருக்கான பில்ட் ஆவணமாகவும் ஆகட்டும். சிஐயில் ஓடுகிற கட்டளையும் ஆவணத்தில் இருக்கிற கட்டளையும் ஒரே மூலத்திலிருந்து வந்தால் பிரிந்துபோக வழியில்லை.

குறைந்தபட்ச சோதனை இப்படி இருக்கட்டும்: மெசான் டெஸ்ட் ஓட்டு, எக்ஸ்விஎஃப்பியை :99 திரையில் எழுப்பு, எக்ஸ்டிபிஒய்இன்ஃபோ 0 திருப்புகிறதா பார், அதன்மேல் ஸெஃபிரை எழுப்பி மறுபடி அதே சோதனை. மெய்நிகர் இயந்திரத்துக்கு ரன்னரில் கேவிஎம் (வன்பொருள் உதவியுள்ள மெய்நிகராக்கம்) கிடைக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் மென்பொருள் பாவனையில் பில்ட் ஊர்ந்து, டைம்அவுட் ஆகும். பிறகு யாரோ ஒருவர் "தற்காலிகமாக" அந்த வேலையை அணைப்பார். அணைத்த வேலை முதல் நிலையில் இருக்கக் கூடாது என்பதையும் சோதனைக்குள் வைக்க வேண்டும்.

ஆவணத்தின் வடிவம் பற்றி. ரெப்போ வேரில் ஒரே ஒரு தரவுக் கோப்பு. யாமல் போதும். ரீட்மீயின் அட்டவணை, கையேட்டுப் பக்கத்தின் பிளாட்ஃபார்ம்ஸ் பகுதி இரண்டும் அதிலிருந்து உருவாகட்டும். ஒரு பதிவு இப்படி:

பெயர்: ஓபன்பிஎஸ்டி
மெசான் பெயர்: ஓபன்பிஎஸ்டி
மேக்ரோ: __ஓபன்பிஎஸ்டி__
டைரக்டரி: ஓஎஸ்-சப்போர்ட்/பிஎஸ்டி
கன்சோல்: டபிள்யூஎஸ்கான்ஸ்
ஹாட்பிளக்: கான்ஃபிக்/டபிள்யூஎஸ்கான்ஸ்
நிலை: எக்ஸ்விஎஃப்பி 1, ஸெஃபிர் 1, எக்ஸார்க் 2
கீழ்நிலை பேட்ச்: தேவை
கடைசிக் கைச்சோதனை: தேதி, கமிட் ஹாஷ், இயங்குதள வெளியீடு, கட்டமைப்பு, வீடியோ டிரைவர்
சிஐ வேலை: அந்த வேலையின் பெயர்

தேதி மட்டும் இருந்து ஹாஷ் இல்லாவிட்டால் அந்தச் சோதனை எந்தக் கோட்டைப் பற்றியது என்று சொல்ல முடியாது. இரண்டும் வேண்டும். கழித்தல்குறிக்குப் பதில்: கட்டங்களில் பாதியை எந்திரமே சரிபார்க்கும். மனிதர் நிரப்ப வேண்டியது கைச்சோதனை வரியும் பேட்ச் வரியும் மட்டும்தான்.

சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் நூறு வரி பைத்தானுக்கு மேல் போகாது. அது செய்ய வேண்டியவை: ஓஎஸ்-சப்போர்ட்டின் ஒவ்வொரு துணை டைரக்டரியும் ஏதாவது பதிவில் இருக்கிறதா (பஸ், மிஸ்க், ஷேர்ட், ஸ்டப் விலக்கு). மெசான் கோப்புகளில் ஒப்பிடப்படும் ஒவ்வொரு சிஸ்டம் பெயரும் பதிவில் உண்டா. சி கோப்புகளின் இஃப் வரிகளில் உள்ள இயங்குதள மேக்ரோ ஒவ்வொன்றும் பதிவிலோ, "பதிவு வேண்டாத மேக்ரோ" பட்டியலிலோ உண்டா. முதல் நிலை என்று சொல்லும் பதிவின் சிஐ வேலை உண்மையிலேயே இருக்கிறதா, தோற்றாலும் பரவாயில்லை என்ற அனுமதியோடு ஓடவில்லையா. உருவாக்கிய ரீட்மீ, கமிட் ஆகியிருப்பதோடு ஒன்றா. பதிவில் உள்ளது கோட்டில் இல்லாவிட்டாலும் தோல்வி. இந்தக் கடைசித் திசையை விட்டுவிடுவார்கள், ஆனால் யூனிக்ஸ்வேர் போன்ற பேய்களைப் பிடிப்பது அதுதான்.

இந்த ஸ்கிரிப்டை மெசான் டெஸ்டாகச் சேர்க்காதீர்கள். டார்பாலில் கிட் வரலாறும் சிஐ கோப்பும் இருக்காமல் போகலாம். அங்கே தோற்று, பொதி கட்டுபவர்களுக்குத் தலைவலி. சிஐயில் தனி வேலையாக, சில நொடிகளில் முடிவதாக, பில்டுக்கு முன்னால் ஓடட்டும்.

---

வேர்முடிச்சு

ஸ்கிரிப்ட் விஷயத்தில் ஒரு சேர்க்கை. சி கோப்புகளைத் தேடும்போது பல வரிகளாக உடைந்த இஃப் வரிகள் (முடிவில் பின்சாய்வுக்கோடு) தப்பும். முதலில் அவற்றை ஒட்டிவிட்டுத் தேடுங்கள். டிராகன்ஃப்ளையின் மேக்ரோவில் பெரிய எழுத்து இரண்டு இடத்தில் வரும். எழுத்தளவைப் பார்க்காமல் ஒப்பிட்டால் தவறான எழுத்தில் எழுதிய செத்த மேக்ரோவும் சரி என்று ஆகிவிடும், எனவே அச்சு அசலாக ஒப்பிடுங்கள்.

லினக்ஸ் ஒரே பதிவு என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. கிளிப்சி, மசல் என்ற இரு சி நூலகங்களும் தனித்தனி சிஐ வேலையாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, மசலில் எக்ஸெக்இன்ஃபோ இல்லை. லிப்அன்வைண்ட் கொடுக்காமல் பில்ட் செய்தால் சர்வர் ஓடும், விழும்போது லாகில் பேக்டிரேஸ் வராது. புகார்ப் படிவத்தில் "பேக்டிரேஸ் இணைக்கவும்" என்று கேட்டுவிட்டு அதைத் தர முடியாத பில்டை ஆதரிப்பது வேடிக்கை. லாகின்டி, இலாகின்டி (பயனர் அமர்வைக் கையாளும் சேவைகள்), எதுவும் இல்லாமல் ரூட்டாக ஓடுவது என்ற மூன்றையும் லினக்ஸ் பதிவுக்குள் துணை வரிகளாகப் போட்டால் போதும். ரூட் இல்லாமல் ஓடும் வழி 1.16 வெளியீட்டில் லாகின்டியோடு வந்தது. அதற்கு முந்தைய நடைமுறையைச் சொல்லும் பத்திகள் இன்னும் ஆவணங்களில் இருக்கும். "செட்யூஐடி" என்று தேடிப் பாருங்கள்.

---

சாளரன்

பழைய மேக்ரோக்களை நீக்கும் வேலையை எப்படிப் பிரிப்பது? ரீட்மீ.ஓஎஸ்-லிப்பை என்ன செய்வது? அதில் பாதி இன்னும் உண்மை.

---

கழித்தல்குறி

நீக்கும் வேலைக்கு அன்இஃப்டெஃப் கருவி (ப்ரீபிராசசர் நிபந்தனைகளை வெட்டுவது). யூ கொடியோடு மேக்ரோ பெயர், கோப்பிலேயே மாற்ற எம் கொடி. இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, அதன் வெளியேறு மதிப்பு. எதுவும் மாறாவிட்டால் 0, மாற்றினால் 1, பிழை என்றால் 2. பிழை கண்டால் நிற்கும்படி எழுதிய ஷெல் ஸ்கிரிப்டில் முதல் வெற்றிகரமான மாற்றத்திலேயே வேலை நின்றுபோகும். எக்ஸ் கொடிக்கு 2 கொடுத்தால் மாறினாலும் மாறாவிட்டாலும் 0 தரும்.

இரண்டு, முழுதாக மதிப்பிட முடியாத வரியை அது அப்படியே விட்டுவிடும். "ஃப்ரீபிஎஸ்டி அல்லது ஃப்ரீபிஎஸ்டி-கெர்னல்" என்ற நிபந்தனையில் பின்னதை மட்டும் இல்லை என்று சொன்னால் வரி மாறாது. இவற்றைக் கையால்தான் சுருக்க வேண்டும். டெபியன் கேஃப்ரீபிஎஸ்டி 2023இல் முடிவுக்கு வந்துவிட்டது என்று அந்த மேக்ரோவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவும் வேண்டாம். ஃப்ரீபிஎஸ்டியின் சிஸ்/பாரம் தலைப்புக் கோப்பும் அதே பெயரை வரையறுத்துவந்திருக்கிறது. அந்த மேக்ரோ தனியாக நிற்கும் இடத்தில் __ஃப்ரீபிஎஸ்டி__ என்று மாற்றுங்கள், துணையோடு நிற்கும் இடத்தில் மட்டும் வெட்டுங்கள்.

கமிட் பிரிப்பு: ஒரு இயங்குதளத்துக்கு ஒரு கமிட். அதே கமிட்டில் கோட், மெசான், யாமல் பதிவு, கையேடு நான்கும் போக வேண்டும். "ஆவணத்தைப் பிறகு பார்க்கலாம்" என்று பிரித்ததால்தான் யூனிக்ஸ்வேர் மிஞ்சியது. பிறகு யாராவது திரும்பக் கொண்டுவர விரும்பினால் ஒரே ரிவெர்ட்டில் எல்லாம் வரும். கமிட் செய்தியில் கடைசியாக பில்ட் ஆனது தெரிந்த ஹாஷைக் குறிப்பிடுங்கள்.

ரீட்மீ.ஓஎஸ்-லிப்: இயங்குதளங்களின் பெயர் சொல்லும் பத்திகளை வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு செயற்கூறும் என்ன செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தப் பகுதி இன்னும் மதிப்புள்ளது. எக்ஸ்எஃப்86ஓபன்கன்சோல், குளோஸ்கன்சோல், விடிஸ்விட்ச்பெண்டிங், விடிஸ்விட்ச்அவே, எனேபிள்ஐஓ போன்றவை. அதை ஓஎஸ்ப்ராக், ஓஎஸ்லிப் தலைப்புக் கோப்புகளில் அந்தந்த அறிவிப்பின் மேலே குறிப்புரையாக நகர்த்துங்கள். செயற்கூறை நீக்குபவர் கண்ணில் அது பட்டே தீரும். தலைப்புக் கோப்பில் இல்லாத பெயர் ரீட்மீயில் இருந்தால் அந்தப் பத்தி போகலாம். புதிதாகப் போர்ட் செய்பவருக்கு ரீட்மீயைவிட ஸ்டப் டைரக்டரியே நல்ல ஆவணம். அது கம்பைல் ஆக வேண்டும் என்பதால் பொய் சொல்ல முடியாது. ஸ்டப்பை ஒரு சிஐ வேலையில் கட்டாயமாகத் தேர்ந்தெடுத்து பில்ட் செய்யுங்கள்.

எக்ஸ்சர்வர்-ஸ்பெக்கை விட்டுவிடுங்கள். அது சாம்பிள் சர்வரின் போர்ட்டிங் அடுக்கைப் பற்றிய வரலாற்று ஆவணம். தலையில் எந்தக் காலத்தை விவரிக்கிறது என்று ஒரு வரி போதும். அதைப் புதுப்பிக்கத் தொடங்கினால் வேறு வேலை நடக்காது.

---

சாளரன்

கடைசியாக ஒன்று. சோலாரிஸும் இல்லுமோஸும் (ஓபன்சோலாரிஸிலிருந்து கிளைத்தது) ஒரே பதிவா, இரண்டா? மெசான் இரண்டையும் சன்ஓஎஸ் என்கிறது, மேக்ரோவும் ஒன்றுதான். ஸ்கிரிப்ட் எப்படிப் பிரிக்கும்?

---

நள்ளிரவுக்_கமிட்

இரண்டு பதிவு. கோட் ஒன்றாக இருக்கலாம், சோதிப்பவர்களும் பொதி மரமும் வேறு: சோலாரிஸ் பக்கம் ஆரக்கிளின் எக்ஸ்11 தொகுப்பு, இல்லுமோஸ் பக்கம் ஓபன்இந்தியானாவின் யூசர்லேண்ட். ஒன்றில் சோதித்துவிட்டு மற்றதற்கும் டிக் போடக் கூடாது.

ஸ்கிரிப்டில் மெசான் பெயரிலிருந்து பதிவுக்குப் போகும் இணைப்பு ஒன்றுக்கு ஒன்று என்று எழுதாதீர்கள். ஒரு பெயருக்குப் பதிவுகளின் பட்டியல். அந்தப் பட்டியல் காலியாக இருந்தால் மட்டும் தோல்வி. மெசான் 1.2 முதல் ஹோஸ்ட்_மெஷினில் கெர்னல் என்ற தனி வினவல் இருக்கிறது. ஆனால் பில்டில் அதை நம்பினால் குறைந்தபட்ச மெசான் பதிப்பையும் ஏற்ற வேண்டும். ஆவணத்துக்காக அதைச் செய்யத் தேவையில்லை.

கைச்சோதனை வரியில் யூநேமின் ஆர் கொடி உதவாது, இரண்டும் 5.11 என்றே சொல்லும். வி கொடியின் வெளியீட்டை அப்படியே ஒட்டச் சொல்லுங்கள். சோலாரிஸ் 11.4 என்று தொடங்கும் எண்ணைத் தரும், ஓபன்இந்தியானா இல்லுமோஸ் என்று தொடங்கி ஹாஷோடு முடியும்.